எதிர்வீட்டு ஓட்டு

எனக்கு எல்லாவற்றைப் பற்றியும் கருத்து உண்டு. தாலுகா ஆபீஸில் வேலை பார்த்த காலம் முழுக்க அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். அரசு ஊழியர் அரசியல் பேசக் கூடாது என்பது விதி. ஆட்சிகள் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டு, சர்டிபிகேட்டில் சீல் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் பேப்பரை விரித்து வைத்து ஆரம்பித்தேன், இன்னும் நிறுத்தவில்லை. என் வீட்டுக்காரர் முதல் வாரம் கேட்டார். இரண்டாவது வாரம் வாக்கிங் போக ஆரம்பித்தார். அவருக்குச் சர்க்கரை குறைந்ததற்கு நான்தான் காரணம் என்று இன்றைக்கும் சொல்லுவேன்.

டெல்லியில் யார் ஆண்டாலும் கொஞ்சம் பயத்தோடு ஆள வேண்டும் என்பது என் கட்சி. நாலு பேர் தயவில் நடக்கிற அரசு காது கொடுத்துக் கேட்கும். தனியாக நிறைய இடம் பிடித்துவிட்டால் காது மந்தமாகிவிடும். ஆபீஸிலேயே இதைப் பார்த்திருக்கிறேன். எப்போது மாறுதல் வருமோ என்று பயந்துகொண்டிருக்கிற அதிகாரியிடம்தான் ஜனங்களுக்கு வேலை நடக்கும். பாராளுமன்றத்தில் கூச்சல் போட்டுச் சபையை ஒத்திவைக்கிறவர்களுக்கு அன்றைய படி கிடையாது என்று சொல்லிவிட்டால் சத்தம் பாதியாகக் குறைந்துவிடும். பெண்களுக்கு இலவச பஸ் விட்டதைக் கேலி செய்கிறவர்கள் எல்லாரும் வீட்டில் பைக் வைத்திருக்கிறவர்கள். இதையெல்லாம் எந்த மேடையிலும் வந்து சொல்லத் தயார். யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

வெளிநாட்டுத் தேர்தலையும் நான் விடுவதில்லை. அமெரிக்காவில் ஓட்டு அதிகம் வாங்கினவர் தோற்றுப்போகலாம் என்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை, வேலைநாளில் தேர்தல், லீவு கிடையாது. எண்ணி முடிக்க நாள்கணக்கில் இழுக்கிறார்கள். நம் ஊரில் எண்ணுகிற அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குள் யார் என்று தெரிந்துவிடும். அங்கே எத்தனையோ பேர் ஓட்டுச்சாவடிப் பக்கமே போவதில்லை, அப்புறம் நாலு வருஷம் உட்கார்ந்து புலம்புகிறார்கள். ஓட்டுப் போடாதவன் புலம்பினால் எனக்கு எரிச்சலாக வரும், அவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும். எனக்குப் பிடித்தது இங்கிலாந்து. அங்கே பிரதமர் தோற்றால் மறுநாளே வீட்டு வாசலில் சாமான் வண்டி வந்து நிற்கும். டீ டம்ளரைக்கூடக் கழுவி வைக்காமல் போயிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

கால்பந்து என்னிடம் வந்தது சீரியலால். பெங்களூரிலிருந்து வந்த மகள் டிவியில் ஏதோ ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சீரியலில் மருமகளின் பாலில் விஷத்தைக் கலக்கிக்கொண்டிருந்தார்கள். வெறுத்துப்போய் ரிமோட்டை அழுத்தினேன். பச்சைப் புல்லில் இங்கிலாந்துக்காரர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் விளம்பரம் இல்லை. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தது. தோற்றவர்கள் ஜெயித்தவர்களுக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து நான் சிவப்புச் சட்டைக்காரர்கள் பக்கம்.

கோடி கோடியாகக் கொடுத்து ஆளை வாங்கி பெஞ்சில் உட்கார வைக்கிற கிளப் உருப்படாது. நாலு ஆட்டம் தோற்றதும் கோச்சை விரட்டுகிறவர்கள் அவரைவிட மோசமான ஒருவரைத்தான் கொண்டுவருவார்கள். தொட்டதும் உருண்டு துடிக்கிறவனுக்கு மஞ்சள் அட்டை போதாது. எல்லாவற்றையும்விட, பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்று முடிகிற ஆட்டத்துக்கும் மூன்றுக்கு மூன்று என்று முடிகிற ஆட்டத்துக்கும் ஒரே பாயின்ட் கொடுப்பது பெரிய அநியாயம். ஒன்றில் ஆடியிருக்கிறார்கள். இன்னொன்றில் பயந்திருக்கிறார்கள். இதை எதிர்வீட்டு மதினியிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "பாயிண்ட்டு ஒண்ணுதானட்டி" என்பார். அவருக்கு ஆட்டம் புரிந்துவிட்டது, நியாயம்தான் இன்னும் புரியவில்லை.

மதினி என்றால் சொந்தம் ஒன்றும் கிடையாது. தென்காசியில் எங்கள் தெருவுக்கு நாங்கள் குடிவந்த நாளிலிருந்து எதிர்வீடு. என்னைவிட மூத்தவர். அவர் வீட்டுக்காரர் போலீஸில் ஏட்டாக இருந்து காலமாகிவிட்டார். ஒரே மகன் ராணுவத்தில், வடக்கே எங்கேயோ பனிக்குள் இருக்கிறான். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு முன்னறையில் நான் ஒரு நாற்காலி, அவர் ஒரு நாற்காலி, நடுவில் ஒரு தட்டு முறுக்கு. அவர் நீலச் சட்டைக்காரர்கள் பக்கம். காரணம் கேட்டால், அந்த கோல்கீப்பர் தன் தம்பி சாடையில் இருக்கிறான் என்பார். இப்படித்தான் அவர் கட்சியையும் தேர்ந்தெடுத்திருப்பார் என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். ஒரு வாரம் அவர் முறுக்கைத் தொடவில்லை.

அரசியலில் நாங்கள் எண்ணெயும் தண்ணீரும். "நாலு பேரு சேந்து வண்டி ஓட்டுனா எங்கன போய் முட்டும்? ஒரு ஆளு உறுதியா ஓட்டணும்" என்பார்.

"அந்த ஒரு ஆளு கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுனா?" என்பேன்.

"என் மவன் அங்கன பனியில நிக்கான். அவன் தலைக்கு மேல இருக்கவன் உறுதியா இருக்கணுமா வேண்டாமா? நீ சொல்லு."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொள்வேன். கருத்து மாறியதால் அல்ல. அவர் மகனைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்திய பிறகு எனக்குப் பேசப் பிடிப்பதில்லை. அவன் எல்லாத் தேர்தலிலும் தபாலில் ஓட்டுப் போட்டுவிடுவான். அவன் அங்கே போட்டதும் இவர் இங்கே போட்டாக வேண்டும். அது அவருக்கு ஒரு விரதம் மாதிரி. ஒரு தேர்தலைக்கூட அவர் விட்டதில்லை.

ஆக, எல்லாத் தேர்தலிலும் என் ஓட்டை அவர் ஓட்டு அழித்தது, அவர் ஓட்டை என் ஓட்டு அழித்தது. "ரெண்டு பேரும் வீட்டுலயே இருந்தா கவர்மெண்டுக்கு மை மிச்சம்" என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். அவர் யாருக்கு ஓட்டுப் போடுகிறார் என்று இந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது. கேட்டால் நடக்கப் போய்விடுவார்.

போன பாராளுமன்றத் தேர்தலின்போது நடந்தது இது. ஓட்டுப்பதிவுக்குக் கொஞ்ச நாள் முன்னால், வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த சமயத்தில், மலையில் கோடை மழை பெய்துவிட்டது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. சீசன் ஜூனில்தான் என்று தெரியும். ஆனாலும், குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று ஒரு போன் வந்துவிட்டால் அடுப்பில் இருக்கிற குழம்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். வெளியூர்க்காரர்கள் கேள்விப்பட்டு வருவதற்குள் நாம் குளித்துவிட வேண்டும். அன்றைக்கு எனக்குப் போன் வந்தது. மதினியைக் கூப்பிட்டேன். அவர் ஏற்கெனவே தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு நின்றார்.

அருவியில் எண்ணெய் தேய்க்கக் கூடாது என்று போர்டு இருக்கிறது. "அங்கன போய்த் தேய்க்கக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு. தேச்சுக்கிட்டு வரக் கூடாதுன்னு போட்டிருக்கா?" என்பது மதினியின் வாதம். விதிகளோடு வாழ்ந்த எனக்கே அதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. நானும் தேய்த்துக்கொண்டேன், கை கால் எல்லாம்.

மெயினருவியில் பெண்கள் பக்கம் நாங்கள் போனபோது தண்ணீர் நன்றாகவே விழுந்துகொண்டிருந்தது. வெயிலில் காய்ந்து கிடந்த பாறையில் புதுத் தண்ணீர் பட்டு வழுக்கல் ஏறியிருந்தது. நானும் மதினியும் எப்போதும் செய்கிறபடி, ஆளுக்கொரு கையால் கம்பியைப் பிடித்து, இன்னொரு கையால் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு உள்ளே போனோம். அருவிக்குள் போய்விட்டால் அந்த இரைச்சலில் கட்சியும் கிடையாது, கருத்தும் கிடையாது, சொன்னாலும் கேட்காது. தலையைக் கொடுத்து நின்றோம். திரும்பி வரும்போது மதினியின் கால் வழுக்கியது. என் கையிலும் எண்ணெய், அவர் கையிலும் எண்ணெய். கை உருவிக்கொண்டு போய்விட்டது.

கணுக்கால் எலும்பில் முறிவு. முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, நர்ஸிடமும் பக்கத்துப் படுக்கைக்காரியிடமும் பார்க்க வந்தவர்களிடமும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்: "இவ கையை விட்டுட்டா."

"எண்ணெய்தான் விட்டுட்டுது, நான் விடல" என்று நான் திருத்தினேன். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. எண்ணெய்க் கையை யார் பிடித்தாலும் நிற்காது. மதினி கேட்கவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னார். எனக்கு அது உறுத்தத் தொடங்கியது.

மதினி வீட்டுக்கு வந்ததும் எதிர்வீட்டில் டிவியைப் படுக்கைக்கு முன்னால் திருப்பி வைத்தேன். அந்தச் சனிக்கிழமை ஆட்டத்தை அங்கே பார்த்தோம். நடுவில் நீலச் சட்டைக்காரன் ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டான். பந்து எதிர் அணியிடம் இருந்தது. கோல் போட நல்ல வாய்ப்பு. ஆனாலும் அவர்கள் பந்தைக் கோட்டுக்கு வெளியே அடித்தார்கள். ஆட்டம் நின்றது, டாக்டர் ஓடி வந்தார். அடிபட்டவன் எழுந்ததும் நீலச் சட்டைக்காரர்கள் பந்தை அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள், ஆட்டம் தொடர்ந்தது. இது ஒரு மரியாதை, எந்த விதியிலும் கிடையாது என்று மதினிக்கு முன்பே நான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

மதினி திரையைப் பார்த்தார். தன் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, எலெக்‌ஷனுக்கு என்னால வர முடியாது. நீ மட்டும் போய் உன் கட்சிக்குக் குத்திட்டு வருவே. இது நியாயமா?"

"அதுக்கு நான் என்ன செய்ய முடியும் மதினி?"

"அடிபட்டுக் கிடக்கும்போது பந்தை வெளிய அடிக்கானுவல்லா. நீயும் அடி. நானும் போகலை, நீயும் போகாத. கணக்கு ஒண்ணுதான."

என் ஆயுதத்தை எடுத்து என்னையே குத்திவிட்டார். ஓட்டுப் போடாதவர்களைப் பற்றி நான் பேசிய பேச்செல்லாம் அப்போது ஞாபகத்துக்கு வரத்தான் செய்தது. ஆனால் கையை விட்டுவிட்டேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறவரிடம், நியாயத்தையும் விட்டுவிட்டேன் என்று பெயர் வாங்க எனக்கு மனசில்லை. "சரி" என்றேன்.

"உன் வீட்டுக்காரரு ஓட்டு?"

"அது யாருக்குன்னு கடவுளுக்கே தெரியாது. அதை விட்டுருங்க."

ஓட்டுப்பதிவு அன்று காலையில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேலையில் இருந்தவரை எல்லாத் தேர்தலுக்கும் எனக்குப் பூத் டியூட்டி வரும், பெரும்பாலும் மை வைக்கிற வேலை. வயலில் இருந்து வந்த விரல், தறியில் இருந்து வந்த விரல், மருதாணி காயாத விரல் என்று இந்த மாவட்டத்தில் எத்தனையோ இடது கை ஆள்காட்டி விரல்களை நான் பிடித்திருக்கிறேன். அன்றைக்கு என் விரல் சும்மா இருந்தது. பாத்திரம் கழுவினேன். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

என் வீட்டுக்காரர் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, மை வைத்த விரலோடு காபி டம்ளரைப் பிடித்தார். "நீ பாட்டுக்குப் போயிட்டு வா. யாருக்குத் தெரியப் போவுது?"

"விரலைப் பாத்தா தெரியாதா?"

"கொஞ்ச நாளைக்குக் கையை மறைச்சுக்கோ."

அந்த மை எத்தனை நாள் நிற்கும், நகம் வளர வளர எப்படி ஏறும் என்று அவருக்கு என்ன தெரியும். அதோடு, மறைப்பதற்கு நான் ஏதாவது திருடினேனா? அவரிடம் எரிந்து விழுந்தேன். அவர் மறுபடியும் நடக்கப் போனார்.

முற்பகலில் எதிர்வீட்டு வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. மதினியின் கட்சிக்காரர்கள். அப்படிக் கட்சிக்காரர்கள் வண்டி வைத்து ஆளை ஏற்றிப் போகக் கூடாது; அந்த ஆத்திரம் ஒரு பக்கம். அதைவிட, மதினி ஏறிவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஏறினால் பேச்சு முறிந்தது, நானும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடலாம். ஜன்னல் ஓரத்தில் போய் நின்றேன். உண்மையைச் சொன்னால், அவர் ஏறட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"நான் வரலப்பா" என்று உள்ளேயிருந்து மதினியின் குரல் கேட்டது.

"நடக்க வேண்டாம்மா. நாங்க தூக்கிக்கிடுதோம்."

"வரலன்னு சொல்லுதம்லா. போங்க."

ஆட்டோ போய்விட்டது. தெரு அமைதியாகிவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் ஏமாற்றியிருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். சாப்பிட உட்கார்ந்தவள் தட்டை மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

வெயில் சாய்ந்ததும் எதிர்வீட்டுக்குப் போனேன். மதினி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வீட்டில் இருக்கும்போது நைட்டி போடுகிறவர், அன்று வெளியே போகிற சேலை கட்டியிருந்தார். இஸ்திரி போட்ட சேலை. தலைவாரி, பொட்டு வைத்து, எங்கேயும் போகாமல் காலையிலிருந்து அப்படியே இருந்திருக்கிறார். மேஜையில் அவர் வீட்டுக்காரர் போட்டோவும் போலீஸ் தொப்பியும், பக்கத்தில் மகன் யூனிஃபார்மில் நிற்கிற போட்டோவும் இருந்தன. இதற்கு மேல் எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

"கிளம்புங்க" என்றேன்.

"எங்க?"

"பூத்துக்கு. ஆட்டோ சொல்லியிருக்கேன். என் காசுல."

"பேசுனா பேசுனபடி இருக்கணும்ட்டி. உன்னை நம்பித்தான் வந்த ஆட்டோவை அனுப்பிச்சேன்."

"அடிபட்டவனுக்காகப் பந்தை வெளிய அடிச்சாங்க. டாக்டர் வந்து பாத்தாரு. அதுக்கப்புறம் என்ன செஞ்சாங்க?"

மதினி யோசித்தார். "திருப்பிக் குடுத்தாங்க."

"அதை வாங்கத்தான் வந்திருக்கேன். ஆட்டம் நடக்கட்டும்."

அவர் சேலைத் தலைப்பை நீவிவிட்டுக்கொண்டே இருந்தார். "போனாலும் போகாட்டாலும் ஒண்ணுதானட்டி. உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

"பூஜ்யத்துக்குப் பூஜ்யமும், ஒண்ணுக்கு ஒண்ணும் ஒண்ணா மதினி?"

மதினி திரும்பி மகன் போட்டோவைப் பார்த்தார். பிறகு, "உன் கட்சி தோத்தா என்னைச் சொல்லக் கூடாது" என்று கையை நீட்டினார். என் வீட்டுக்காரரும் ஆட்டோ டிரைவரும் நானுமாகத் தூக்கி ஏற்றினோம்.

பூத் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில். வாசலில் சக்கர நாற்காலி இருந்தது. நானே தள்ளிக்கொண்டு போனேன். மதினியைப் பார்த்து வரிசையில் நின்றவர்கள் வழி விட்டார்கள். பெயரை உரக்க வாசித்தார்கள். மை வைக்கிற பெண் என் விரலைச் சரியாகப் பிடிக்கவில்லை. நகமும் தோலும் சேருகிற இடத்தில் வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். நான் முதலில் போட்டேன். பிறகு மதினியைத் தள்ளிக்கொண்டு போய் அட்டை மறைப்புக்கு முன்னால் விட்டேன்.

நாற்காலியில் உட்கார்ந்தபடி அவருக்கு மெஷின் எட்டவில்லை. மேஜை உயரம். ஒரு கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். கட்டுப் போட்ட கால் தரையில் சறுக்கியது.

நான் அலுவலரைப் பார்த்தேன். அவர் என்னையும் மதினியின் காலையும் பார்த்தார். "பிடிச்சுக்கோங்கம்மா. ஆனா அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க" என்றார்.

மதினியை எழுப்பி நிறுத்தி, ஒரு கையால் அவர் இடுப்பை வளைத்துப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். சுவரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுதிய அ, ஆ, இ இருந்தன. அம்மா, ஆடு, இலை என்று வாசித்தேன். மதினி நிதானமாக ஒவ்வொரு சின்னமாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். அவர் பாரம் முழுக்க என் கையில் இருந்தது. என் ஓட்டை அழிக்கப் போகிறவரை விழாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். ஈர முந்தானையோடு கையைப் பிடித்து அருவியிலிருந்து அவர் என்னை எத்தனை தடவை வெளியே கூட்டி வந்திருக்கிறார் என்பதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது.

பீப் சத்தம் நீளமாகக் கேட்டது. டியூட்டி பார்த்த காலத்தில் அந்தச் சத்தத்தை எவ்வளவோ கேட்டிருக்கிறேன், ஒன்றையும் கவனித்ததில்லை. இதைக் கேட்டதும் சந்தோஷமாக இருந்தது. என் கருத்தில் எள்ளளவும் மாற்றம் கிடையாது. அவர் போட்டது தப்பான ஓட்டு என்பதிலும் எனக்குச் சந்தேகம் கிடையாது. அது போட்டாக வேண்டிய ஓட்டு.

"ஆச்சா மதினி?" என்றேன், சுவரைப் பார்த்தபடியே.

"ஆச்சு. விட்ராதட்டி."

விடவில்லை. அவர் நாற்காலியில் சரியாக உட்கார்ந்து, "ம்" என்று சொல்லும்வரை பிடித்திருந்தேன்.